டிஸ்னி விடுதியும் ஒரு மண்மேடும்



ஃபுளோரிடாவில் பேரப்பிள்ளைகளோடு நான் நிற்கும் படங்களை மகள் போட்டாலும் போட்டாள், போனை எடுத்தால் கேள்வி மேல் கேள்வி. "டீச்சர், அந்த விடுதியில ஒரு நாளைக்கு எவ்வளவு?" "சித்தி, அவ்வளவு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" "வெளியே மலிவா ரூம் கிடைக்குமே டீச்சர், எதுக்கு உள்ளேயே தங்கணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாடமாக நடத்திவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்து பழகியவர்கள்தானே நீங்கள்!

மூன்றாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதைக் கேட்டவன் எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான் கேட்பான். அதற்கு விடை சொல்ல 1955-க்குப் போக வேண்டும்.

வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். விடுமுறை நாளில் அவர்களை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப் போவார். பிள்ளைகள் குடைராட்டினத்தில் சுற்றும்போது இவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓர் இடம் இருந்தால் என்ன என்று அங்கேதான் தோன்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொருட்காட்சியில் பைகளைக் காத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் நம்மூர் அம்மாக்களுக்கு அந்தப் பெஞ்சு நன்றாகவே புரியும்.

கலிஃபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் சுமார் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கினார். தன் ஆயுள் காப்பீட்டின் பேரில்கூடக் கடன் வாங்கினார். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் பணம் போட்டது. சுமார் 170 லட்சம் டாலர் செலவில் 1955 ஜூலை 17-இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. அப்போது அவர் செய்த ஒரு வேலையை மட்டும் கவனமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவைச் சுற்றி உயரமாக ஒரு மண்மேடு எழுப்பினார். அதன் மேல் நீராவி ரயில் ஒன்று சுற்றி வந்தது. ரயில் வேடிக்கைக்கு. மேடு எதற்கு? உள்ளே இருப்பவர் கண்ணில் வெளியே ஓடும் கார்களும் மின்கம்பங்களும் கடைப் பலகைகளும் படக் கூடாது. உள்ளே ஓர் உலகம், வெளியே ஓர் உலகம். நடுவில் மண்.

பூங்காவைக் கட்டியதிலேயே கைப்பணம் கரைந்துவிட்டது. விடுதி கட்டக் காசு இல்லை. தொலைக்காட்சித் தொடர்கள் தயாரித்துவந்த ஜாக் ராதர் என்பவரைக் கேட்டுக்கொண்டார். அவர் எதிர்ப்புறம் நிலத்தை எடுத்து, அதே ஆண்டு அக்டோபர் 5-இல் டிஸ்னிலேண்ட் ஹோட்டலைத் திறந்தார். பெயர் டிஸ்னியுடையது, உரிமை ராதருடையது. தென் கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் விடுதி நடத்தும் உரிமையையும் ராதர் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த விடுதியை டிஸ்னி நிறுவனம் தன் கைக்குக் கொண்டுவந்தது 1988-இல்தான். வால்ட் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அது மட்டுமா? மண்மேட்டுக்கு வெளியே இருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மோட்டல்களாக மாறின. மோட்டல் என்பது காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நேராக அறைக்குள் போகும் சிக்கனத் தங்குமிடம். கண்ணைப் பறிக்கும் விளக்குப் பலகைகள் சாலை நெடுக முளைத்தன. கூட்டம் சேர்த்தவர் ஒருவர், ராத்திரி வாடகை வாங்கியவர்கள் வேறு பலர். ஊர் கூடித் தேர் இழுத்தால் பரவாயில்லை. தேரை இவர் இழுக்க, தேரடியில் கடை போட்டவர்களுக்கு வியாபாரம். வால்ட் டிஸ்னிக்கு இது கடைசிவரை உறுத்தியது.

அடுத்த முறை அவர் ஏமாறவில்லை. 1964, 65-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே யாரோ ரகசியமாக நிலம் வாங்கிக் குவித்தார்கள். வாங்கியவை பெயர் தெரியாத சிறு நிறுவனங்கள். பின்னால் இருப்பவர் டிஸ்னி என்று தெரிந்தால் விலை ஏறிவிடுமே! சதுப்பும் மேய்ச்சல் காடுமாகக் கிடந்த இடம். ஏக்கருக்குச் சராசரியாக 200 டாலருக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ செய்தித்தாள் குட்டை உடைப்பதற்குள் 27,000 ஏக்கருக்கு மேல் கைமாறிவிட்டது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப்போல் இரண்டு மடங்கு. டிஸ்னிலேண்டுக்கு வாங்கிய நிலத்தைப்போல் சுமார் 170 மடங்கு. அனஹைமில் ஒரு மண்மேடு போதவில்லை. இங்கே 27,000 ஏக்கர் காடே மண்மேடு.

1966 டிசம்பர் 15-இல் வால்ட் இறந்தார். ஓய்வு பெறும் வயதில் இருந்த அண்ணன் ராய், ஓய்வைத் தள்ளிவைத்துவிட்டு வேலையை முடித்தார். தம்பியின் முழுப்பெயர் நிற்க வேண்டும் என்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' எனப் பெயர் வைத்தார். 1971 அக்டோபர் 1-இல் திறந்தது. டிசம்பர் 20-இல் ராயும் போய்விட்டார். அண்ணன் தம்பி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இந்த மூன்று மாதக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது விடுதிக்கு வருவோம். இந்த முறை பூங்காவோடு சேர்ந்து அதே நாளில் விடுதிகளும் திறந்தன. ஒன்று கன்டெம்பரரி, மற்றொன்று பாலினேசியன். நாங்கள் தங்கியது கன்டெம்பரரியில். யு.எஸ். ஸ்டீல் என்ற இரும்பு நிறுவனம் கட்டியது. அறைகளைச் சில மைல் தள்ளி ஒரு கூடத்தில் முழுதாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, இரும்புச் சட்டத்துக்குள் கிரேனால் ஏற்றிச் செருகியிருக்கிறார்கள், மேசைக்கு இழுப்பறை செருகுவதைப்போல. கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே மோனோரயில் புகுந்து நின்று போகிறது. என் பேரனுக்கு வயது இரண்டரை. அவனைப் பொறுத்தவரை அமெரிக்காவிலேயே பெரிய அதிசயம், வீட்டுக்குள் வரும் ரயில்தான்.

அந்த நடுக்கூடத்தில் 90 அடி உயரத்துக்கு ஓட்டுச் சித்திரம் ஒன்று. வரைந்தவர் மேரி பிளேர் என்ற ஓவியர். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்ற படகுச் சுற்றின் பொம்மை உலகத்துக்கு வண்ணமும் வடிவமும் கொடுத்தவரும் அவர்தான். அது 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில், யுனிசெஃப் அரங்குக்காகச் செய்யப்பட்டது. சுவர்ச் சித்திரத்தில் இருக்கும் ஆடுகளில் ஒன்றுக்கு ஐந்து கால். பேத்திக்கு ஆறு வயது. அந்த ஆட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் கழுத்தை அண்ணாந்து நின்றாள். அதற்கு டிக்கெட் கிடையாது!

கட்ட நினைத்து நின்றுபோனவையும் உண்டு. ஆசிய, வெனிஸ், பாரசீகப் பாணிகளில் மேலும் மூன்று விடுதிகளுக்குத் திட்டம் இருந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் இல்லாமல் காரில் குடும்பத்தோடு யார் வருவார்? திட்டம் படுத்துவிட்டது. ஆசிய விடுதிக்கு ஒதுக்கிய இடத்தில்தான் 1988-இல் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக கிராண்ட் ஃபுளோரிடியன் எழுந்தது. 1984-இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைக்கு வந்த பிறகு விடுதி மேல் விடுதி. 1994-இல் சிக்கனக் குடும்பங்களுக்கென்றே ஆல்-ஸ்டார் விடுதிகள். 2001-இல் அனிமல் கிங்டம் லாட்ஜ். அதில் பால்கனியில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி மேய்வது தெரியும். இன்று டிஸ்னியின் சொந்த விடுதிகளே 25-க்கு மேல்.

சரி, சின்னப் பிள்ளைகளுக்கு இது எதற்கு? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

விடுதியில் தங்குபவர்களைப் பூங்காவுக்குள் அரை மணி முன்னதாக விடுகிறார்கள். மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் பூப்போல இருப்பார்கள். பதினொரு மணிக்கு வெயில் ஏறும், வரிசை நீளும், பேரன் கண்ணைக் கசக்குவான். வெளியே மோட்டலில் தங்கியவர்கள் என்ன செய்ய முடியும்? படகோ மோனோரயிலோ பிடித்து, வாகன நிறுத்தம் போய், காரைத் தேடி, நெரிசலில் ஓட்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் தள்ளுவண்டியிலேயே பிள்ளை வதங்கும். நாங்கள் பத்து நிமிடம் நடந்தோம். அறை வந்துவிட்டது. ரசஞ்சோறு கிடைக்காது, தயிர்ச்சோறு மகள் கிண்டி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்கினார்கள். எழுந்ததும் நீச்சல் குளம். ராத்திரி வாணவேடிக்கையை விடுதியிலிருந்தே பார்த்தோம்.

ஆக, அந்த வாடகையில் முக்கால்வாசி நாம் கொடுப்பது மத்தியானத் தூக்கத்துக்குத்தான். வாடகை எவ்வளவு என்று கேட்டீர்களே, ஓர் இரவுக்கு என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். மருமகன் கணக்குப் பார்க்காமல் செய்தார், நல்லா இருக்கட்டும். ஆனால் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும். ஸ்பேஸ் மவுண்டன் போன்ற வேகச் சவாரிக்கு 44 அங்குல உயரம் வேண்டும். என் பேத்தி அந்த அளவுகோலுக்குக் கீழேயே நின்றாள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அங்கே பாதி வேடிக்கைதான். பிள்ளை கொஞ்சம் வளரும்வரை பொறுத்தால் நட்டம் ஒன்றும் இல்லை. சின்னதிலேயே போவதானால் நாள்களைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் தங்குங்கள். ஐந்து நாள் தூரத்தில் தங்குவதைவிட இரண்டு நாள் அருகில் தங்குவது மேல்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு உங்களைச் சுற்றுலா அழைத்துப் போய், மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். புலியைப் பற்றி இரண்டு வரி, எலுமிச்சைச் சோற்றைப் பற்றி எட்டு வரி. பஸ்ஸில் யார் தோளில் யார் தூங்கினார்கள் என்பது ஒரு பக்கம்! பிள்ளை மனசு அப்படித்தான். என் பேரனுக்கு வீட்டுக்குள் வரும் ரயில், பேத்திக்கு ஐந்து கால் ஆடு. விடுதியே அவர்களுக்குப் பூங்கா.

பாடத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மண்மேட்டை மனத்தில் வைக்கச் சொன்னேனே, அது பாக்கி இருக்கிறது.

அந்த விடுதிகளில் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ளலாம். அறைக் கதவு திறப்பதும் அதுதான், கடையில் காசு கொடுப்பதும் அதுதான். பணம் கண்ணிலேயே படாது. பூங்காவுக்கு அடியில் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. எதிரே ஏரி தோண்டிய மண்ணைக் கொட்டி, பூங்காவையே மாடிபோல் உயர்த்தி, அடியில் வழி விட்டிருக்கிறார்கள். வேலை செய்பவர்கள் வருவதும் போவதும் குப்பை போவதும் அதன் வழியே. 2005-இலிருந்து 2022 தொடக்கம் வரை விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவசப் பேருந்தும் இருந்தது. விமானம் இறங்கியவர் வெளியூரைப் பாராமலேயே உள்ளே வந்து, உள்ளேயே இருந்து, திரும்பிப் போய்விடலாம். வால்ட் எழுப்பிய மண்மேடு இப்படி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம் பாலும் தயிரும் வாங்க மருமகன் காரை எடுத்தார். பிள்ளைகளோடு நாங்களும் போனோம். டிஸ்னி எல்லையைத் தாண்டியதும் 192-ஆம் எண் நெடுஞ்சாலை. அதற்கு அர்லோ பிரான்சன் என்பவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் மாட்டுப்பண்ணைக்காரர், மாகாண மேலவை உறுப்பினர். டிஸ்னிக்குப் பெரும் நிலப்பரப்பை விற்றவர்களில் ஒருவர். சாலை நெடுக வண்ணம் வெளுத்த மோட்டல்கள். ஒன்றின் வாசலில் மஞ்சள் பள்ளிப் பேருந்து நின்றது. ஏழெட்டுப் பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்கினார்கள். மாடி வராந்தாவில் துணி காய்ந்தது. கம்பி வேலிக்குள் நீச்சல் குளம் ஒன்று, தண்ணீர் இல்லாமல்.

"ஆச்சி, அவங்களும் வெகேஷனுக்கா வந்திருக்காங்க?" என்றாள் பேத்தி.

"இல்ல கண்ணு. அதுதான் அவங்க வீடு."

"டெய்லி ஹோட்டல்லயா? ஜாலியா இருக்குமா?"

மகள் மெதுவாக என் கையைத் தொட்டு, "அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள்.

அந்த மோட்டல்களின் கதை இதுதான். 1971-இல் டிஸ்னி வேர்ல்ட் திறந்ததும், அனஹைமில் நடந்தது இங்கேயும் நடந்தது. 192 நெடுக மோட்டல்கள் முளைத்தன. உள்ளே விடுதிகள் கொஞ்சமாக இருந்தவரை அவற்றுக்கு நல்ல வியாபாரம். உள்ளேயே சிக்கன விடுதிகள் வந்ததும், வெளியேயும் புதுப்புது விடுதிகள் பெருகியதும், பழைய மோட்டல்களுக்குச் சுற்றுலாக்காரர்கள் குறைந்தார்கள். 2008-இல் பொருளாதாரம் சரிந்து, வேலையும் வீடும் போன குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. வாடகை வீட்டுக்கு முன்பணம் மொத்தமாகக் கட்ட வேண்டும். மோட்டலுக்கு வாரக் கணக்கில் கொடுத்தால் போதும். மொத்தமாகப் பார்த்தால் அதுதான் செலவு அதிகம், ஆனால் மொத்தம் கையில் இருந்தால்தானே! நம்மூரில் அன்றாடம் கால் கிலோ அரிசி வாங்குகிறவர்களின் கணக்குதான் இது.

இதை வைத்து ஷான் பேக்கர் என்ற இயக்குநர் 2017-இல் 'தி ஃபுளோரிடா பிராஜெக்ட்' என்ற படம் எடுத்தார். டிஸ்னி வேர்ல்டைத் திட்டமிட்ட காலத்தில் அதற்கு வழங்கிய பெயரும் அதுதான். அதில் வரும் சிறுமிக்கும் ஆறு வயதுதான்.

விடுதிகளில் வேலை பார்ப்பவர்களையும் சொல்ல வேண்டும். 2018 வரை டிஸ்னி வேர்ல்டில் தொடக்கக் கூலி மணிக்கு 10 டாலர். தொழிற்சங்கங்கள் பல மாதம் பேசி, 2021-க்குள் 15 ஆக்க ஒப்பந்தம் போட்டன. 2023-இல் மறுபடி பேசி 18 ஆக்கின. அந்தச் சங்கங்களில் அறை துடைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எங்கள் படுக்கையை விரித்தவர் ஒரு மாதக் கூலியில் அந்த அறையில் எத்தனை இரவு தங்க முடியும் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆசிரியையாக எனக்கு அந்தப் பேருந்து ஒரு பெரிய ஆறுதல். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், வீடில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேரும் உரிமையைக் கொடுக்கிறது. போக வழியில்லாமல் மோட்டலில் வாழும் பிள்ளையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பேருந்தும் ஏற்பாடு செய்ய வேண்டும். முகவரி இல்லாமல் எத்தனை பிள்ளைகள் என் வகுப்பு வாசலில் நின்றிருக்கிறார்கள்! செங்கல் சூளைக்கு வந்தவர்கள், கரும்பு வெட்ட வந்தவர்கள். அவர்கள் பெயரை வருகைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு நடையாய் நடந்தது எனக்குத்தான் தெரியும்.

மகள் கையைத் தொட்டதில் நியாயம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் கவலை தெரியாத உலகம் ஒன்றைக் காட்ட, அவளும் மருமகனும் ஒரு வருடம் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி மூன்று நாள் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். பிள்ளைகளுக்கு மண்மேடு இருக்கட்டும். ஆனால் பிள்ளை தானாக எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டால் பொய் சொல்லக் கூடாது. கேள்வி கேட்ட பிள்ளையை நான் என்றும் உட்காரச் சொன்னதில்லை. பேத்தியையும் சொல்லவில்லை.

"ஜாலியா இருக்காது கண்ணு. அவங்க அம்மா அப்பா வேற வீடு பார்த்துட்டு இருப்பாங்க. அதுவரைக்கும் அங்க இருக்காங்க. பள்ளிக்கூடம் மட்டும் தவறாமப் போறாங்க, பார்த்தியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவங்க அந்த ஆட்டைப் பார்த்திருப்பாங்களா ஆச்சி?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

எனவே, எதற்கு உள்ளேயே தங்கணும் என்று கேட்ட என் பழைய மாணவனுக்கு விடை இதுதான் அப்பா. சின்னப் பிள்ளைகளோடு போனால், முடிந்தால் உள்ளேயே தங்கு. பிள்ளைகள் நன்றாகத் தூங்கும், நீங்களும் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார வேண்டியிருக்காது. முடியாவிட்டால் கடன் வாங்கிப் போகாதே, ஐந்து கால் ஆடு எங்கும் ஓடிவிடாது. போகிறவர்கள் ஒரு பொழுதாவது எல்லை தாண்டி அந்தச் சாலையில் வண்டியை விடுங்கள். அறையைச் சுத்தம் செய்பவரை நிறுத்தி நன்றி சொல்லுங்கள், கையில் கொஞ்சம் கொடுங்கள். அதைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்யுங்கள்.

கண் வலிக்கிறது. அடுத்த பாடம் பிறகு. எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்